மந்திரத்தில் விழுந்த வெட்டு

தொண்ணூறுகளின் கடைசியில், என் மனைவி இறந்து பதினோரு மாதம் ஆனபோது, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒலி விட்டு விட்டு வந்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதுவது முறையல்ல என்று தெரியும். ஆனால் அந்த வருஷத்தில் எனக்கு நடந்தவை என்று இவற்றைத்தான் சொல்ல முடியும். முதலாவதைப் பற்றி நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதைப் பற்றி நிறைய இருந்தது.

முப்பத்து நான்கு வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்த விண்ணப்பத்துக்கு எந்தப் படிவம், எந்தப் படிவத்துக்கு யார் கையெழுத்து என்பது இன்றும் மனப்பாடம். மனைவி இறந்த ஒரு வாரத்துக்குள் இறப்புச் சான்று, குடும்ப அட்டை நீக்கம், ஓய்வூதிய ஆவணத்தில் வாரிசு மாற்றம் எல்லாவற்றையும் ஒரு பிழை இல்லாமல் முடித்தேன். வந்தவர்கள் எல்லாம் என் நிதானத்தைப் புகழ்ந்தார்கள். அது நிதானம் இல்லை. விரல் மரத்துப்போனால் ஊசி ஏறுவது தெரியாது, அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரே பையன். அமெரிக்காவில், வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஒரு ஊரில் வேலை. அம்மா போனபோது விமானம் பிடித்து அவன் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள், முறைப்படி, என் தம்பி மகன் அவன் சார்பில், பதிலுக்குச் செய்யும் உரிமைக்கு அடையாளமான தர்ப்பைப் புல்லை வாங்கிக்கொண்டு கொள்ளி வைத்துவிட்டான். சாஸ்திரத்தில் இடம் உண்டு, குறையே கிடையாது. ஆனால் பையன் வந்து ஆற்றங்கரையில் நின்றவன், "எனக்கு ஒண்ணுமே மிச்சம் வெக்கலியேப்பா" என்றான். அப்புறம் பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள் எல்லாம் செய்துவிட்டுப் போனான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போனான்.

வருஷம் நெருங்கியது. முதல் வருஷ திவசத்துக்கு அவன் வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவனுடைய குடியேற்றத் தாள்கள் அங்கே யாரோ ஒருவர் மேஜையில் கிடந்தன. அது முடியாமல் கிளம்பினால் திரும்ப நுழைய விடமாட்டார்கள். பிறர் தாள்களை என் மேஜையில் நானும் வைத்திருந்தவன் என்பதால் அந்த மேஜைக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்தத் தடவையும் புல் கொடுத்து இங்கேயே யாரையாவது செய்யச் சொல்லலாம் என்று போனில் சொன்னேன்.

"நானே என் வாயால சொல்லிப் பண்ணணும்ப்பா. இதையும் வேற ஒருத்தர் பண்ணினா, நான் பிள்ளைன்னு எதுக்கு?"

அவன் ஊரில் திவசம் செய்துவைக்கும் வாத்தியார் கிடையாது. இருப்பதிலேயே அருகில் இருந்த கோயிலுக்குக் காரில் ஏழு மணி நேரம். அதனால் வாத்தியார் சொல்லும் மந்திரத்தை இங்கே கம்ப்யூட்டரில் பதிந்து, சி.டி.யாக்கித் தபாலில் அனுப்புவது, அவன் அங்கே கேட்டுச் சொல்லிச் செய்வது என்று முடிவாயிற்று. கேசட்டில் பதியலாமே என்று கேட்பீர்கள். அவனிடம் கேசட் போடும் பெட்டி இல்லை. தவிர, லீவில் சொந்த ஊரான நாங்குநேரிக்கு வந்த அவன் சிநேகிதன் கையில், கம்ப்யூட்டரின் பின்னால் யு.எஸ்.பி. துளையில் செருகும் ஒரு சின்ன ஒலிப்பெட்டியும் மைக்கும் ஏற்கெனவே கொடுத்து அனுப்பியிருந்தான். சோப்புப் பெட்டி அளவுதான். உள்ளே இருந்த பழைய ஒலி அட்டையில் மைக் வைத்தால் எண்ணெய் காய்கிற மாதிரி இரைச்சல் வரும். இதில் வராது என்றான். வரவில்லை என்பது உண்மை.

எங்கள் வாத்தியார் சேரன்மகாதேவிக்காரர். என்னைவிட இரண்டு வயது சின்னவர், வாய் மட்டும் பத்து வயது பெரியது. மஹாளய பட்சம் தொடங்க நான்கு நாள் இருக்கும்போது ஒரு காலையில் பஸ்ஸில் வந்தார். மைக்கைப் பார்த்தார்.

"இதுக்கு முன்னால உக்காந்து யார்கிட்டே ஓய் சொல்றது? எதிர்ல காரியம் பண்ற கர்த்தா வேண்டாமா?"

"அவன் அங்கே கேட்டுச் சொல்லுவான். நீங்க ஒரு வரி சொல்லி, அவன் திருப்பிச் சொல்ற அளவுக்கு நேரம் விட்டு, அடுத்த வரி சொல்லணும்."

"நேரம் விடறதுன்னா எவ்வளவு? நாப்பது வருஷமா நான் கர்த்தா வாயைப் பார்த்துத்தான் அடுத்தது எடுத்திருக்கேன். அவன் முழுங்கினா காத்திருப்பேன், ஓடினா இழுத்துப் பிடிப்பேன். இந்தப் பெட்டிக்கு வாய் எங்கன இருக்கு?"

நியாயமான ஆட்சேபணை. கடைசியில் நான் அவர் எதிரே பலகையில் உட்கார்ந்தேன். பிள்ளை இருக்கும்போது திவசத்துக்குக் கர்த்தா பிள்ளைதான், புருஷன் இல்லை. நான் அந்த மந்திரங்களைச் சொல்லக் கூடாது, சொன்னால் பதிவிலும் விழுந்துவிடும். எனவே குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். அவர் என் உதட்டைப் பார்த்து அடுத்த வரிக்குப் போனார். எழுபது நிமிஷம். பூணூலை இடம் மாற்றிக்கோ, எள்ளை எடு, ஜலத்தை விடு என்று நடுநடுவே தமிழில் உத்தரவு. என் மனைவியின் கோத்திரமும் பெயரும் வந்த இடங்களிலும் உதட்டை அசைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு ஓட்டிப் பார்த்தேன். நடுநடுவே குரல் காணாமல் போயிற்று.

முதலில் எனக்கு அது குறையாகவே படவில்லை. வரிக்கு வரி இடைவெளி விடச் சொன்னதே நான்தான். எது விட்ட இடைவெளி, எது விழுந்த வெட்டு என்று பிரித்தறிய ஒரு முழுப் பகல் ஆயிற்று. மௌனத்தில் இரண்டு வகை உண்டு. வாத்தியார் விட்ட மௌனத்தில் மின்விசிறி சுற்றும், தெருவில் சைக்கிள் மணி அடிக்கும், அவர் தொண்டையைக் கனைப்பார், எதிரே நான் மூச்சு விடுவேன். வெட்டு விழுந்த மௌனத்தில் ஒன்றுமே இருக்காது. அறையே இருக்காது. இரண்டு விநாடி, மூன்று விநாடி. பிறகு பாதிச் சொல்லில் வாத்தியார் திரும்ப வருவார்.

பையன் இதைக் கேட்டால் வெட்டை இடைவெளி என்று எடுத்துக்கொண்டு பாதி மந்திரத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். அவனுக்குத் தெரியவும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு புதுக் கோப்பு திறந்தேன். பொருள்: ஒலி விட்டுப்போதல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை எழுதுவது, முழுவதும் கேட்பது, கேட்டதை எழுதுவது. ஒலிப்பெட்டியை ஸ்கேனரோடு சேர்த்து ஒரு யு.எஸ்.பி. பல்முனைச் செருகியில் மாட்டியிருந்தேன். அதை எடுத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டரில் செருகினேன், வெட்டு இருந்தது. பக்கத்துத் துளைக்கு மாற்றினேன், இருந்தது. சும்மா இருந்தால் திரையை அணைக்கும் மின்சிக்கனத்தை நிறுத்தினேன். மோடத்தைக் கழற்றினேன். வைரஸ் தேடும் மென்பொருளை அணைத்தேன். ஒலிப்பெட்டியை இயக்கும் மென்பொருளை நீக்கிவிட்டு, கூட வந்த பிளாப்பியிலிருந்து புதிதாக ஏற்றினேன். மின்சாரத்தைச் சந்தேகப்பட்டு ஸ்டெபிலைசரையும் மாற்றினேன். வெட்டு தன் பாட்டுக்கு இருந்தது.

இதற்காக அந்த எழுபது நிமிஷத்தை எத்தனை தடவை கேட்டேன் என்று கோப்பில் இருக்கிறது, இங்கே எழுதவில்லை. பத்தாவது தடவைக்குப் பிறகு அது மந்திரமாகக் காதில் விழவில்லை. யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பதும் விழவில்லை. கையில் கடிகாரம், மடியில் தாள், வெட்டு வந்தால் ஒரு கோடு. வேலைக்காரம்மா கூட்டிப் பெருக்கும்போது முதல் இரண்டு நாள் துடைப்பத்தை வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் "காலைத் தூக்குங்கய்யா" என்று பெருக்கிக்கொண்டு போனாள்.

கோடுகளைப் பார்த்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, வெட்டுகள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்தன. மின்சாரமோ வயரோ இவ்வளவு ஒழுங்காகக் கெடாது. இது ஏதோ உத்தியோகம் பார்க்கிற பேர்வழியின் வேலை. இரண்டு, சில வெட்டுகள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சொல்லில் விழுந்தன, சில மட்டும் எப்போதும் அதே சொல்லில். அதாவது ஓட்டும்போதும் வெட்டு விழுகிறது, பதியும்போதும் விழுந்திருக்கிறது.

கோப்பை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம் போனேன். நாற்பத்தைந்து வயது ஆள், முன்னால் ரேடியோ பழுது பார்த்தவர். என் கோப்பை இரண்டு பக்கம் புரட்டினார்.

"சார்வாள், டாக்டர்கிட்ட போனாக்கூட இவ்வளவு எழுதிக்கிட்டுப் போமாட்டாங்க. பெட்டியைப் பாக்காம நான் என்னத்தச் சொல்ல? வாரேன்."

வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, நின்றபடியே திரையைப் பார்த்தார். கீழே கடிகாரம் இருக்கும் மூலையில் விரலை வைத்தார்.

"இது என்ன சார்வாள், இங்கன ஒரு பிள்ளையார் உக்காந்திருக்காரு?"

"பஞ்சாங்கம்."

"பஞ்சாங்கமா? என்ன செய்யுது அது?"

விளக்கினேன். திதி ஊருக்கு ஊர் மாறும். இங்கே சூரியன் இருக்கும் நேரத்தில் அங்கே இருக்காது. பையன் ஊரில் எந்தத் தேதியில் அந்தத் திதி வருகிறது என்று கணக்கிட, வள்ளியூரில் இருந்த என் பழைய அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து பிளாப்பியில் வாங்கி ஏற்றியது. ஊரின் பெயரைக் கொடுத்துவிட்டால் அந்த நேரத்துத் திதி, நட்சத்திரம், லக்னம், ராகு காலம் எல்லாம் தானே மாற்றிக்கொண்டிருக்கும்.

"எவ்வளவு நேரத்துக்கு ஒருக்க மாத்தும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். ஐந்து நிமிஷம்.

"அவரு சந்திரனைத் தேடிப் போயிட்டு வாரதுக்குள்ள இங்க பாட்டுக்காரரு மூச்சு நின்னுபோகுது. இந்தப் புதுப் பெட்டி இருக்கே, இது சத்தத்தைத் தானா வச்சுக்காது. மெயின் பெட்டி கைவிடாம ஊட்டிக்கிட்டே இருக்கணும். அது வேற சோலியாப் போனா இது பட்டினிதான். பிள்ளையாரைப் பைய எறக்கி விடுங்க."

மூடினேன். எழுபது நிமிஷமும் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். அவர் கடைக்குப் போகவில்லை. ஓட்டும்போது விழுந்த வெட்டுகள் போய்விட்டன. பதிவிலேயே விழுந்தவை பதினான்கு. அவற்றில் ஆறு நல்லவேளையாக வாத்தியார் விட்ட இடைவெளிகளிலேயே விழுந்து வீணாகியிருந்தன. எட்டு, சொல்லின் மேல் விழுந்திருந்தன.

"யாருக்கு சார்வாள் இது?" என்று போகும்போது கேட்டார்.

"வீட்டில்."

"வீட்டம்மாவுக்கா," என்றார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, "அதுக்கு நாள் பாக்க வச்சதுதான் அதை வெட்டியிருக்கு," என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். அதை நான் கோப்பில் எழுதவில்லை.

தபாலுக்கு மூன்று வாரம் வைத்துக்கொண்டால், இரண்டு நாளைக்குள் சி.டி. போக வேண்டும். வாத்தியார் வந்து மறுபடி சொன்னால் தீர்ந்தது. ஆனால் மஹாளய பட்சம் தொடங்கிவிட்டது. ஊரே தர்ப்பணம் செய்யும் அந்தப் பதினைந்து நாளில் வாத்தியாரைப் பிடிப்பது கலெக்டரைப் பிடிப்பதைவிடக் கஷ்டம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சேரன்மகாதேவி போனேன். படித்துறையில் பதினைந்து இருபது பேரை வரிசையாக உட்காரவைத்துத் தர்ப்பணம் சொல்லிவைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு சொல் சொல்வார், வரிசை திருப்பிச் சொல்லி எள்ளும் ஜலமும் விடும். அந்த இடைவெளியில்தான் என்னோடு பேசினார்.

"தர்ப்பயாமி... என்ன ஓய், உம்ம மெஷின் சரியாச்சா?"

"ஆச்சு. ஆனா எட்டு இடத்துல உங்க குரல் போயிடுத்து."

"தர்ப்பயாமி... போயிடுத்துன்னா?"

"பதிவாகலை. நீங்க மறுபடி வந்து சொல்லணும்."

"தர்ப்பயாமி... அமாவாசை வரைக்கும் மூக்கு சிந்த நேரமில்லை."

வரிசையின் கடைசியில் காது கொஞ்சம் மந்தமான ஒரு பெரியவர் "மூக்கு சிந்த நேரமில்லை" என்று பக்தியோடு சொல்லி ஜலத்தை விட்டார்.

"அது உமக்கு இல்லை ஸ்வாமி, இவருக்கு. நீர் இன்னொரு தரம் விடும்," என்றார் வாத்தியார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எட்டு இடம்தானே? புஸ்தகம் இருக்கு, உமக்கு வாசிக்கவும் தெரியும். நீரே சொல்லி அதுல ஒட்டிடும்."

"நான் சொல்லலாமா?"

"கர்த்தாவாச் சொன்னாத்தான் தப்பு. சொல்லிக்குடுக்கறதுக்கு என்ன? பூணூல் போட்டப்போ அவன் காதுல காயத்ரியை யார் சொன்னா, நானா சொன்னேன்? முப்பது ஃபாரம் ரொப்பத் தெரியும், இது தெரியாதா?"

"மூணு இடம் பேர் வர்ற இடம்."

"ஆத்துக்காரி பேர் தெரியாதா ஓய் உமக்கு?"

வரிசை முழுதும் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். பஸ் ஏறின பிறகுதான் யோசித்தேன். பெயர் தெரியும். எழுதத் தெரியும். குடும்ப அட்டையில், ஓய்வூதியத் தாளில், மருத்துவச் செலவுப் படிவத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், கடைசியாக இறப்புச் சான்று விண்ணப்பத்திலும். வாயால் சொன்னது நினைவில்லை. முப்பத்தாறு வருஷமும் "இந்தா" என்றுதான் கூப்பிட்டேன். அவளும் "ஏன்னா" என்றாள். எங்கள் வீடுகளில் எல்லாரும் அப்படித்தான். அது அன்பின்மை இல்லை, அன்பும் இல்லை. வழக்கம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, மைக்கின் எதிரே உட்கார்ந்தேன். பஞ்சாங்கம் மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். முதல் ஐந்து இடங்களும் சுலபமாக வந்தன. புத்தகத்தைப் பார்த்துப் படித்தேன். அலுவலக ஆணையை உரக்கப் படிப்பது போலத்தான் இருந்தது. ஆறாவது இடத்தில் கோத்திரத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். அழித்துவிட்டு மறுபடி. திரையில் குரலைக் காட்டும் பச்சைக் கோடு கோத்திரம் வரை எழுந்து, பிறகு தரையோடு படுத்துவிட்டது. துக்கமா என்றால் அப்படி ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லுக்கு என் வாயில் இடம் எங்கே என்று தெரியவில்லை, அவ்வளவுதான். நான்காவது முறை சொன்னேன். அன்னியமாக இருந்தது. வேறு யாரோ ஒரு அம்மாளின் பெயர் போல. அப்புறம் ஏழும் எட்டும்.

சொன்னதை வெட்டி வெட்டி உரிய இடத்தில் ஒட்டினேன். எட்டு இடங்களிலும் வாத்தியார் நின்று, நான் ஆரம்பித்து, மறுபடி வாத்தியார் வந்தார். அண்ணாச்சி கடையில் சி.டி. எழுதி வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீதைக் கோப்பில் வைத்தேன். சி.டி. போய்ச் சேர்ந்துவிட்டது என்று திவசத்துக்கு மூன்று நாள் முன்னால் பையன் போனில் சொன்னான். முன்கூட்டிக் கேட்டுப் பார் என்றேன். கேட்க மாட்டேன், அன்றைக்குத்தான் கேட்பேன் என்றான். ஒத்திகை பார்க்கிற விஷயம் இல்லை என்பது அவன் கட்சி.

அவன் ஊரில் அந்தத் திதி முடிந்து, இங்கே மறுநாள் காலை, நான் காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"ஆச்சுப்பா. முழுக்க நானே சொன்னேன்."

"எங்கேயும் நிக்கலையே?"

"வெட்டே இல்லை. நன்னா இருந்தது." என்றான். "எட்டு இடத்துல நீ சொல்லியிருக்கே, அதுல மூணு அம்மா பேர் வர்ற இடம்."

"ஆமாம். வாத்தியார் சொன்னது பதிவாகலை."

"அந்த மூணு இடத்துலயும் எனக்கு நேரமே இல்லைப்பா. நீ ரொம்ப நிதானமா, இழுத்துச் சொல்றே. நீ முடிச்ச உடனே வாத்தியார் அடுத்ததை எடுத்துடறார். நான் எப்போ சொல்றது?"

எனக்கு உடனே புரிந்தது. வெட்டு இரண்டு விநாடி. அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு ஆனது அதைவிட அதிகம். ஒட்டும்போது என் குரல் வெட்டை நிரப்பிவிட்டு, அதையடுத்து அவனுக்காக விட்டிருந்த இடைவெளியையும் தின்றிருக்கிறது. மற்ற ஐந்து இடங்களையும் அளந்து ஒட்டினவன், இந்த மூன்றையும் அளக்கவில்லை. ஒட்டினேன், நகர்ந்துவிட்டேன். அவற்றைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

"அப்போ என்ன பண்ணினே?"

"கையில எள்ளும் ஜலமும். நிறுத்தவும் முடியலை. முதல் தடவை விட்டுடுவேனோன்னு பயந்து, நீ ஆரம்பிச்ச உடனே நானும் கூடவே ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம். மத்த ரெண்டு இடத்துலயும் அப்படியே சொல்லிட்டேன்." பிறகு கேட்டான். "அது தப்பாப்பா? திரும்பப் பண்ணணுமா?"

கர்த்தாவும் சொல்லிவைப்பவரும் ஒரே சமயத்தில் சொன்னால் செல்லுமா என்பதற்கு எனக்குத் தெரிந்த எந்தப் புத்தகத்திலும் வரி கிடையாது. வாத்தியாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பதுதான் முறையான பதில்.

"தப்பில்லை. செல்லும்," என்றேன்.

எந்த விதிப்படி என்று அவன் கேட்கவில்லை.